காவலருக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்க சட்டமன்றத்தில் என்னென்ன நடக்க வேண்டும்?

குமுளி எல்லையில் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடியும் கேரளச் சோதனைச் சாவடியும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. கார்த்திகை பிறந்து சபரிமலைக் கூட்டம் ஏறத் தொடங்கிவிட்டால் வண்டிகளைக் குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் ஒருவழிப் பாதையாகப் பிரித்துவிடும் வேலை இரண்டு மாநிலக் காவலர்களுக்கும் சேர்ந்தே வரும். ஒரே மழையில் நனைகிறார்கள், ஒரே குளிரில் நடுங்குகிறார்கள். இரண்டு பக்கமும் பேசுவது தமிழும் மலையாளமும் கலந்த அதே பேச்சுதான். ஆனால் இவர்களுடைய சம்பளமும் விடுப்பும் ஓய்வு வயதும் ஒன்றல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் காவலருக்கு அரசு அங்கீகரித்த சங்கம் உண்டு. இந்தப் பக்கத்துக் காவலருக்கு இல்லை.

இது ஏன் இப்படி? ஒரு காவலரின் வார விடுப்பையோ வீட்டையோ ஓய்வூதியத்தையோ யார், எங்கே உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்? சட்டமன்றத்தில் 'மானியக் கோரிக்கை' என்று நடக்கிறதே, அதற்கும் நம் ஊர் ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை இருப்பதற்கும் என்ன சம்பந்தம்? செய்தியில் இதெல்லாம் துண்டு துண்டாக வருவதால் பலருக்குப் பிடிபடுவதில்லை. அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

போலீஸ் யாருடைய பொறுப்பு?

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மத்திய அரசுக்கு ஒரு பட்டியல், மாநிலத்துக்கு ஒரு பட்டியல், இருவருக்கும் பொதுவாக ஒரு பட்டியல் என்று அதிகாரங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மாநிலப் பட்டியலின் முதல் பதிவு பொது ஒழுங்கு, இரண்டாவது காவல்துறை. ஆக, காவலரை எடுப்பது, சம்பளம் கொடுப்பது, பதவி உயர்வு, இடமாற்றம், விடுப்பு எல்லாம் மாநில அரசின் கையில். அதனால்தான் குமுளியில் நாலு எட்டு நடந்தால் விதிகள் மாறிவிடுகின்றன.

வேலைக்கு எடுப்பதிலிருந்தே பாதை பிரிகிறது. தமிழ்நாட்டில் காவலர் தேர்வைச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துகிறது. கேரளத்தில் அது பி.எஸ்.சி. என்கிற அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வேலை. இந்தப் பக்கம் இரண்டாம் நிலைக் காவலர் என்று தொடங்கும் பதவிக்கு அந்தப் பக்கம் சிவில் போலீஸ் ஆபீசர் என்று பெயர். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 60. கேரளத்தில் 2013 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர் 56 வயதிலேயே வீட்டுக்குப் போகிறார். பழைய ஓய்வூதியம் நின்றுபோன தேதியும் வேறு. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்துக்குள், அதாவது ஊழியர் சம்பளத்திலிருந்தும் பணம் பிடிக்கும் திட்டத்துக்குள் போனார்கள். கேரளத்தில் அந்தக் கோடு 2013 ஏப்ரல் 1-இல்தான் விழுந்தது. ஒரே வயதுடைய இரண்டு காவலர்களில் ஒருவருக்குப் பழைய ஓய்வூதியம், இன்னொருவருக்கு இல்லை. நடுவில் இருப்பது ஒரு சோதனைச் சாவடி மட்டும்தான்.

அடிப்படைச் சட்டத்தைப் பாருங்கள். கேரளம் தன் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு 2011-இல் புதிய கேரள போலீஸ் சட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 1859-ஆம் ஆண்டு மாவட்டக் காவல் சட்டம் இன்றும் அடித்தளமாக இருக்கிறது. சிப்பாய்க் கலகம் அடங்கிய சூட்டில், நாடு முழுவதற்குமான 1861 போலீஸ் சட்டத்துக்கும் முன்பே, மதராஸ் மாகாணத்துக்காக வெள்ளைக்காரர்கள் எழுதியது அது. 2013-இல் அதன் மேல் தமிழ்நாடு காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம் வந்து சேர்ந்தது.

இந்தச் சீர்திருத்தச் சட்டங்கள் பேச்சில் வரும்போதெல்லாம் ஒரு வழக்கின் பெயர் அடிபடும். பிரகாஷ் சிங் என்ற ஓய்வுபெற்ற காவல் அதிகாரி தொடுத்த வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சில கட்டளைகள் போட்டது. டி.ஜி.பி.க்குக் குறைந்தது 2 ஆண்டு பதவிக்காலம், டி.எஸ்.பி. நிலைக்கும் அதற்குக் கீழும் உள்ளவர்களின் இடமாற்றத்தை முடிவு செய்ய ஒரு வாரியம், காவலர் மீதான புகாரை விசாரிக்கத் தனி அமைப்பு என்று அவை போகும். கேரளத்தில் 2016-இல் டி.ஜி.பி. பொறுப்பிலிருந்து மாற்றப்பட்ட டி.பி.சென்குமார் உச்ச நீதிமன்றம் வரை போய், 2017-இல் அதே நாற்காலியைத் திரும்பப் பெற்றார். மேல்மட்ட அதிகாரிக்குச் சட்டம் எப்படிக் கைகொடுக்கும் என்பதற்கு அது நல்ல உதாரணம். கீழ்நிலைக் காவலருக்கு அவ்வளவு தூரம் போக நேரமும் இல்லை, காசும் இல்லை. அவருக்கு வேறு வழி வேண்டும். அந்த வழிதான் சங்கம்.

சங்கம் வைக்க விடாதது யார்?

காவல்துறை மாநில விஷயம் என்று இப்போதுதான் சொன்னேன். ஆனால் காவலர் சங்கம் சேரலாமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் டெல்லியில் இருக்கிறது. முதல்முறை படிப்பவர்கள் பெரும்பாலும் குழம்புவது இந்த இடத்தில்தான்.

சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவில் எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு. ஆனால் ராணுவத்தினருக்கும் பொது ஒழுங்கைக் காக்கும் படையினருக்கும் அடிப்படை உரிமைகளைக் குறைக்கலாம் என்று 33-ஆவது பிரிவு சொல்கிறது. குறைக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே. அப்படி வந்ததுதான் 1966-ஆம் ஆண்டு காவல் படைகள் (உரிமைக் கட்டுப்பாடு) சட்டம். மத்திய அரசோ அதற்கென்று குறிக்கப்பட்ட அதிகாரியோ வெளிப்படையாக அனுமதித்தால் தவிர, காவலர் எந்தத் தொழிற்சங்கத்திலும் அரசியல் அமைப்பிலும் சேரக் கூடாது. காவல் படையின் ஓர் அங்கமாக அங்கீகரிக்கப்படாத சங்கத்திலும் சேரக் கூடாது. கோயில் கமிட்டி, விளையாட்டு மன்றம் மாதிரியானவற்றுக்கு மட்டும் விலக்கு. பத்திரிகைக்கு எழுதுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ₹2,000 வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்கும் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. காவலர்களைக் கடமையிலிருந்து விலகத் தூண்டுவதே குற்றம் என்கிறது 1922-ஆம் ஆண்டுச் சட்டம்.

டெல்லிக் காவலர் சங்கம் ஒன்று இந்த 1966 சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. 1986-இல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

சரி, அப்படியானால் கேரளத்தில் எப்படிச் சங்கம் இருக்கிறது? மேலே 'அங்கீகரிக்கப்படாத' என்று ஒரு சொல் வந்ததே, அதில்தான் விடை. சட்டம் சங்கத்தை ஒரேயடியாகத் தடை செய்யவில்லை. அங்கீகாரம் கொடுத்தால் வைத்துக்கொள்ளலாம். கேரளம் கொடுத்தது. காவலர் நிலையில் இருப்பவர்களுக்குக் கேரள போலீஸ் அசோசியேஷன், அதிகாரி நிலைக்குக் கேரள போலீஸ் ஆபீசர்ஸ் அசோசியேஷன் என்று தனித்தனியாக இருக்கின்றன. தேர்தல் நடத்தி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாவட்ட மாநாடு, மாநில மாநாடு நடக்கிறது. இடுக்கி மாவட்டத்தில் மாநாடு என்றால் சாலையோரத்தில் மலையாள எழுத்தில் வளைவு நிற்கும். மந்திரி வருவார், கோரிக்கைத் தீர்மானங்கள் போடுவார்கள், அவை உள்துறைக்குப் போகும். வேலைநிறுத்தம் மட்டும் கிடையாது. அது இருக்கவும் கூடாது என்பதே என் கருத்து. ஆயுதம் தாங்கிய ஒரு படை 'இன்று வர மாட்டோம்' என்று சொன்னால் மாட்டிக்கொள்வது சாதாரண ஜனங்கள்தான். 1979-இல் பஞ்சாபில் தொடங்கிப் பல மாநிலங்களில் காவலர்கள் கிளர்ந்தெழுந்ததை நாடு பார்த்திருக்கிறது.

ஆனால் வேலைநிறுத்தம் கூடாது என்பது வேறு, குரலே கூடாது என்பது வேறு. எங்கள் பக்கத்தில் கொண்டான் கொடுத்தான் உறவு மலைக்கு இரண்டு புறமும் பரவிக் கிடக்கிறது. ஒரே குடும்பத்தில் ஒருவர் பீர்மேட்டில் கேரளப் போலீஸ், மற்றவர் தேனி மாவட்டத்தில் தமிழ்நாட்டுப் போலீஸ் என்று இருப்பது அதிசயமே இல்லை. கூடலூரில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அப்படி இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "ஏன் மாப்ள, இந்த லீவு விசயத்த ஒங்க சங்கத்துல சொல்லிக் கேக்கலாம்ல?" என்றார் மலையிலிருந்து வந்தவர். மற்றவர் இலையிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "எங்களுக்கு ஏது மச்சான் சங்கம்? அய்யாகிட்ட மனு குடுக்கலாம், அம்புட்டுதேன்." முழு வித்தியாசமும் அந்த இரண்டு வரியில் இருக்கிறது.

கேரளத்து ஏற்பாட்டில் குறை இல்லாமல் இல்லை. 2018-இல் சங்க மாநாடுகளில் சிவப்பு வண்ணத் தியாகிகள் மண்டபமும் கட்சிக் கூட்டத்து முழக்கமும் கேட்டதாகப் பெரிய சர்ச்சை எழுந்தது. ஆளும் கட்சி மாறினால் சங்கத்தின் நிறமும் மாறும் என்ற குற்றச்சாட்டு அங்கே புதிதல்ல. கட்சிக் கொடி பிடிக்கும் காவலரிடம் எதிர்க்கட்சிக்காரர் எந்த நம்பிக்கையில் புகார் கொடுப்பார்? இது நியாயமான பயம். ஆனால் அதற்குத் தீர்வு சங்கத்தின் விதிகளைக் கறாராக்குவதுதானே தவிர, காவலரின் வாயை அடைப்பதல்ல.

வாயை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கர்நாடகம் ஒரு பாடம். 2016 ஜூனில் அங்கே காவலர்கள் ஒரே நாளில் கூட்டாக விடுப்பு எடுக்கப் போவதாக அறிவித்தார்கள். சம்பளக் குறைவும் விடுப்பின்மையும்தான் காரணம். அழைப்பு விடுத்த சங்கத் தலைவர் மீது தேசத்துரோக வழக்குப் போட்டுக் கைது செய்தார்கள். அப்புறம் அதே அரசு சம்பளத்தை ஆராய மூத்த அதிகாரி தலைமையில் குழு போட வேண்டியிருந்தது. குழுவை முதலிலேயே போட்டிருந்தால் அந்த ஜூன் மாதமே வந்திருக்காது.

தமிழ்நாட்டில் இன்னொரு கொடுமையையும் சொல்ல வேண்டும். 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ பழைய ஓய்வூதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தது. ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்களைத் தூக்கி வேனில் ஏற்றியது யார்? அதே பங்களிப்பு ஓய்வூதியத்தில் மாட்டிக்கொண்ட காவலர்கள்தான். வேனில் ஏறியவர் கேட்டதும் ஏற்றியவருக்கு வேண்டியதும் ஒன்றே. ஒருவருக்குக் கேட்க வாய் இருந்தது, மற்றவருக்கு லத்தி மட்டும் இருந்தது.

சட்டம், அரசாணை, சுற்றறிக்கை: எது எவ்வளவு நாள் நிற்கும்?

'காவலருக்குச் சலுகை' என்று செய்தி வந்தால் நாம் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை.

சட்டமன்றம் நிறைவேற்றி ஆளுநர் ஒப்புதல் பெற்றால் அது சட்டம். அதை மாற்ற வேண்டுமானால் மறுபடி சட்டமன்றத்துக்குத்தான் வர வேண்டும். சட்டத்தின் கீழ் அரசு எழுதுவது விதி. அதற்கும் கீழே அரசாணை, நாம் ஜி.ஓ. என்கிறோமே அது. துறைச் செயலாளர் கையெழுத்தில் வரும், இன்னொரு ஜி.ஓ.வால் போய்விடும். எல்லாவற்றுக்கும் கீழே டி.ஜி.பி. அலுவலகத்திலிருந்து வரும் சுற்றறிக்கை. அதிகாரி மாறினால் அது அலமாரிக்குப் போய்விடலாம்.

வார விடுப்பு இந்தப் படிக்கட்டில் கீழிருந்து மேலே ஏறியதைப் பார்க்கலாம். பக்கத்து ஆந்திரத்தில் 2019 ஜூனில் காவலர்களுக்கு வார விடுப்பு அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் 2021-இல் முதலில் டி.ஜி.பி.யின் சுற்றறிக்கை வந்தது. பிறகு காவல்துறை மானியக் கோரிக்கைக்குப் பதில் சொல்லும்போது முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அரசாணையும் வந்தது. அரசாணைப் படி வரை வந்தாகிவிட்டது. சட்டத்தில் இன்னும் ஏறவில்லை. அதனால்தான் தேர்தல், திருவிழா, தலைவர் வருகை என்று எது வந்தாலும் முதலில் ரத்தாவது வார விடுப்பு. சட்டத்தில் எழுதியிருந்தால், ரத்து செய்பவர் அதற்குக் காரணம் எழுதி வைக்க வேண்டிய கட்டாயத்தைக் கொண்டுவந்திருக்கலாம்.

அறிவிப்பு என்பது இன்னொரு வகை. 2020 ஜனவரியில் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அந்தக் குடும்பத்துக்கு ₹1 கோடி அறிவித்தார். தேவையான உதவி, கொடுத்தது சரி. ஆனால் இப்படிப்பட்ட தொகை நிகழ்வுக்கு நிகழ்வு மாறுகிறது. நாடே பார்த்த சாவுக்கு ஒரு கணக்கு, ராத்திரி ரோந்தில் லாரி மோதிச் செத்தவருக்கு ஒரு கணக்கு என்று ஆகிவிடுகிறது. எல்லைச் சாவடியில் நிற்பவரின் மனைவிக்கு, தன் வீட்டுக்காரருக்கு ஒன்று ஆனால் என்ன கிடைக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதற்குச் சட்டமோ விதியோதான் சரியான இடம்.

தமிழ்நாட்டுச் செய்திகளில் '110 விதியின் கீழ் அறிவித்தார்' என்று அடிக்கடி வரும். சட்டமன்ற விதிகளில் 110-ஆவது விதிப்படி முதல்வரோ அமைச்சரோ ஓர் அறிக்கையைப் படிக்கலாம். அதன் மேல் விவாதம் கிடையாது. காது குளிரக் கேட்கலாம். ஆனால் பணம் எங்கிருந்து வரும், எப்போது வரும் என்று அங்கேயே எழுந்து கேட்க முடியாது. அதைக் கேட்கும் இடம் வேறு.

மானியக் கோரிக்கை

நிதியமைச்சர் பட்ஜெட் படித்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது. அரசியலமைப்பின் 203-ஆவது பிரிவுப்படி, ஒவ்வொரு துறையின் செலவும் ஒரு 'கோரிக்கை'யாகச் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். 'இந்தத் துறைக்கு இவ்வளவு பணம் தாருங்கள்' என்று அரசு மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்கிறது என்று பொருள். தமிழ்நாட்டில் காவல்துறையின் கோரிக்கை எண் 22. கேரளத்தில் 12. சபை ஒப்புக்கொண்ட பிறகு எல்லாவற்றையும் சேர்த்து நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு வரும். அது நிறைவேறினால்தான் கருவூலத்திலிருந்து காசு நகரும்.

தமிழ்நாட்டில் காவல்துறையைப் பெரும்பாலும் முதல்வரே வைத்திருப்பார். அதனால் அந்தக் கோரிக்கை மீதான விவாதத்துக்கு அவரே பதில் சொல்வார். அன்றைக்கு 'கொள்கை விளக்கக் குறிப்பு' என்று ஒரு புத்தகம் உறுப்பினர்களுக்குக் கொடுப்பார்கள். எத்தனை காவல் நிலையம், எவ்வளவு பணியிடம், எத்தனை குடியிருப்பு கட்டினார்கள், எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். எதிர்க்கட்சிகள் வெட்டுத் தீர்மானம் கொடுக்கும். ஒதுக்கீட்டிலிருந்து ₹100 குறைக்க வேண்டும் என்று கேட்பது அது. நூறு ரூபாயை மிச்சப்படுத்துவது நோக்கமல்ல. 'இந்தத் துறையில் இந்தக் குறை இருக்கிறது, பதில் சொல்லுங்கள்' என்று பதிவு செய்வதற்கான கருவி.

கேரளத்தில் இடையில் இன்னொரு படி உண்டு. அங்கே துறைவாரியாக 14 பொருள் குழுக்கள் இருக்கின்றன, உள்துறைக்கும் ஒன்று. எல்லாக் கட்சி உறுப்பினர்களும் அதில் உண்டு. கோரிக்கைகள் சபைக்கு வருவதற்கு முன்பே இந்தக் குழுக்கள் உட்கார்ந்து அலசும். தொலைக்காட்சிக் கேமரா இல்லாத அறையில் நடப்பதால் கட்சிச் சண்டை குறைந்து கணக்கு கொஞ்சம் பேசப்படும். இந்த ஒரு பழக்கத்தைத் தமிழ்நாடும் எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

சரி, இந்த விவாதத்தில் சங்கத்தின் பங்கு என்ன? கேரளத்தில் சங்கம் தீர்மானத்தை எழுத்தில் கொடுத்திருக்கும். குழுவில் இருக்கும் எம்.எல்.ஏ. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம். அங்கே ஏறக்குறைய 5 ஆண்டுக்கு ஒருமுறை ஊதியத் திருத்த ஆணையம் போடுவார்கள். 11-ஆவது ஆணையம் 2021-இல் அறிக்கை கொடுத்தது, பலன் 2019 ஜூலை 1-லிருந்து கணக்கானது. அந்த ஆணையத்தின் முன்னும் சங்கங்கள் போய் உட்கார்ந்து பேசும். தமிழ்நாடு மத்திய ஊதியக் குழுவை ஒட்டிப் போகிறது. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரை 2016 ஜனவரி 1 முதல் என்று கணக்கிட்டு, பணமாக 2017 அக்டோபரிலிருந்து கைக்கு வந்தது. இந்தப் பக்கக் காவலருக்காக எழுத்தில் பேச இருப்பவை அவ்வப்போது போடப்படும் காவல் ஆணையங்கள்தான். 1969-இல் ஆர்.ஏ.கோபாலசாமி தலைமையில் தொடங்கிய வழக்கம் அது. கடைசியாக ஓய்வுபெற்ற நீதிபதி சி.டி.செல்வம் தலைமையில் 2022-இல் அமைத்தார்கள். ஆணையம் பரிந்துரைக்கும், கலைந்துபோகும். சங்கம் அடுத்த வருடமும் வந்து 'போன வருடம் சொன்னீர்களே, என்ன ஆயிற்று?' என்று கேட்கும். அதுதான் வித்தியாசம்.

பணம் இறுகும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 2020-இல் கொரோனா காலத்தில் தமிழ்நாடு அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்தது. ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் வாங்கும் சலுகையையும் நிறுத்தியது. அந்த நேரத்தில் ஊரடங்கில் ரோட்டில் நின்றது யார் என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்தச் சலுகை திரும்பும் என்ற அறிவிப்பு 2025-இல்தான் வந்தது. நடுவில் அதைக் கேட்டுப் போராடியது மற்ற ஊழியர் சங்கங்கள். காவலருக்கு அவர்களோடு சேர்ந்து வந்தது. கேரளத்திலும் அகவிலைப்படி நிலுவை பெரிய தலைவலியாகத்தான் இருக்கிறது. சங்கம் இருந்தால் காசு கொட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பெட்டியில் காசு இல்லாதபோது யாருக்கு முதலில் நிறுத்துவது என்ற பேச்சில் ஒரு நாற்காலி கிடைக்கும், அவ்வளவுதான். அதுவே சிறிய விஷயமில்லை.

விடுப்புக்கும் பட்ஜெட்டுக்கும் உள்ள கணக்கு

ஒரு ஸ்டேஷனில் தினமும் 30 பேர் வேலையில் இருந்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இது நான் எடுத்துக்கொண்ட எண், எந்த ஸ்டேஷனின் நிஜக் கணக்கும் அல்ல. வாரத்துக்கு 30 பெருக்கல் 7, ஆக 210 ஆள்-நாள் வேலை. விடுப்பே இல்லாமல் ஓட்டினால் 30 பேர் போதும். ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்றால் ஒருவர் 6 நாள்தான் வருவார். 210-ஐ 6-ஆல் வகுத்தால் 35. ஐந்து பேர் கூடுதலாக வேண்டும். தற்செயல் விடுப்பு, மருத்துவ விடுப்பு, நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போவது, பயிற்சி, வெளி மாவட்ட பந்தோபஸ்து எதையும் இதில் சேர்க்கவில்லை.

எல்லைச் சாவடியில் கணக்கு இன்னும் இறுக்கம். 24 மணி நேரமும் 2 பேர் நிற்க வேண்டும். 12 மணி நேர ஷிப்ட், ஓய்வே கிடையாது என்றால் 4 பேர் போதும். ஷிப்டை 8 மணி நேரமாக்கினால் ஒரு நாளைக்கு 6 பேர், வாரத்துக்கு 42 முறை. ஒருவர் வாரத்தில் 6 நாள்தான் வருவார் என்றால் 7 பேர் வேண்டும். நாலு பேரை வைத்துக்கொண்டு ஏழு பேருக்கான ஓய்வை அறிவித்தால், ஓய்வு தாளில் இருக்கும், ஆள் சாவடியில் இருப்பார்.

அந்தக் கூடுதல் ஆட்கள் எப்படி வருவார்கள்? துறை புதிய பணியிடம் கேட்க வேண்டும். நிதித்துறை ஒப்புக்கொள்ள வேண்டும். அரசாணை வர வேண்டும். சம்பளத் தலைப்பில் ஒதுக்கீடு ஏற வேண்டும். தேர்வு நடந்து, பயிற்சி முடிந்து, ஆள் ஸ்டேஷனுக்கு வந்து சேர ஒன்றிரண்டு பட்ஜெட் கடந்துவிடும். ஆகவே வார விடுப்பு அறிவித்த ஆண்டு அல்ல, அதற்கு அடுத்தடுத்த ஆண்டுகளின் கோரிக்கையில் பணியிடமும் சம்பள ஒதுக்கீடும் கூடியிருக்கிறதா என்று பார்த்தால்தான் அந்த அறிவிப்பு உண்மையா என்று தெரியும். காவல்துறைப் பட்ஜெட்டில் சம்பளம்தான் பெரும் பங்கு. புதிய ஜீப், கேமரா எல்லாம் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஜீப்பை ஓட்ட ஆள் இல்லாத ஸ்டேஷனுக்கு இரண்டாவது ஜீப் எதற்கு?

வீடு விஷயத்தில் தமிழ்நாடு முந்திக்கொண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காவலர் வீட்டு வசதிக் கழகம் இங்கே 1981-லேயே வந்துவிட்டது. குறை சொல்லும்போது இதை மறைப்பது நியாயமில்லை.

நாம் எங்கே கேட்கலாம்?

கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே அச்சாகிறது, அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. காவல்துறைக் குறிப்பை எடுத்து, அனுமதிக்கப்பட்ட பணியிடம் எவ்வளவு, நிரம்பியது எவ்வளவு என்ற அட்டவணையை மட்டும் முந்தைய ஆண்டுக் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் உங்கள் ஊர்க் காவலர் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்ப்பதற்குக் காரணம்.

சட்டமன்ற உறுப்பினருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு, அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். கம்பம், போடி தொகுதிக்காரர்கள் தங்கள் எம்.எல்.ஏ.விடம் 'நம் தொகுதி ஸ்டேஷன்களிலும் எல்லைச் சாவடிகளிலும் பணியிடம் எத்தனை, காலி எத்தனை, போன ஆண்டு வார விடுப்பு எத்தனை முறை ரத்தானது என்று சபையில் கேளுங்கள்' என்று எழுதிக் கொடுக்கலாம். காவலர் கேட்டால் நடவடிக்கை வரும், நாம் கேட்டால் வராது.

பீர்மேடு, தேவிகுளம் பக்கம் இருக்கும் நம்மவர்கள் மலையாளத்தில் எழுத வேண்டுமே என்று தயங்க வேண்டியதில்லை. அங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுக்கிறது. உள்துறைப் பொருள் குழு காவல்துறைக் கோரிக்கையை அலசுவது பட்ஜெட்டுக்குப் பிறகு, வாக்கெடுப்புக்கு முன்பு. மனு அந்த இடைவெளிக்குள் போய்ச் சேர வேண்டும்.